நடுவில் ஒரு மேடு

ஜூன் 9, திங்கள்

இன்றைய தவறு: கழுவும் தொட்டியில் சோப்பு விட மறந்துவிட்டேன்.

செய்முறைக் குறிப்பு எழுதும்போது முதலில் தவறு, பிறகு செய்தது, கடைசியில் மறுநாள் வேலை என்று எழுத வேண்டும். மாலை வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வரிசை பிடிக்கும். ஆனால் தவறை முதலில் எழுதிவிட்டால், அதன் கீழே எழுதுவதெல்லாம் அதற்குச் சொல்லும் சாக்கு மாதிரியே இருக்கிறது.

தவறு சின்னதுதான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி பெஞ்சு, முக்காலி, விளக்கு என்று புழங்குவதற்கான சிற்பங்கள் செய்யும் பட்டறைக்கு வகுப்பிலிருந்து என்னைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை, மாலையில் இங்கே. அரவை மெஷினிலிருந்து வரும் சில்லுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கலக்குவது என் வேலை. பாட்டில் மூடி, ஷாம்பு டப்பா, எண்ணெய் கேன் எல்லாம் மிதக்கும். தண்ணீர் பாட்டிலின் உடம்பு மூழ்கும். மிதப்பதை அள்ளிக் காயப்போட வேண்டும். மூழ்குவது ஆகாது. அது இங்குள்ள அடுப்பின் சூட்டில் உருகாமல், சோற்றில் கல் மாதிரி நடுவில் நிற்கும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டால்தான் இந்தப் பிரிப்பு ஒழுங்காக நடக்கும். விடாவிட்டால், மூழ்க வேண்டியதும் காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து ஏமாற்றும்.

சில்லைக் கொசுவலையில் பரப்பிய பிறகுதான் கவனித்தேன். நீலத்துக்கு நடுவே அங்கங்கே ஒரு பளபளப்பு. குனிந்து பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க, பளபளப்பதெல்லாம் ஈரமா பாட்டில் துண்டா என்று தெரியாமல் போனது.

பெரியக்காவிடம் போய்ச் சொன்னேன். வடிவம் வரைவதும் அச்சு வெட்டுவதும் அவர்தான். அச்சுத் தகட்டின் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சோப்பு போட மறந்துட்டேன். தண்ணி பாட்டில் சில்லு கொஞ்சம் கலந்திருக்கலாம்."

"கலந்திருக்கலாமா, கலந்திருக்கா?"

"கண்ணுக்குத் தெரிஞ்சத பொறுக்கிட்டேன்."

"கண்ணாடிக் கடையில வேல பாக்கற. உன் கண்ணுக்கே தெரியாதது வேற இருக்கும்ல?" அரத்தை நிறுத்தாமலே கேட்டார். "என்கிட்ட சொல்லி என்ன? அச்சுல அள்ளிப் போடறவங்ககிட்ட போய்ச் சொல்லு."

அள்ளிப் போடுகிறவர் சின்னக்கா, இவருடைய தங்கை. அந்தக் கோடியில் முகமூடியும் காதடைப்புமாக அரவை மெஷினுக்கு மூடிகளைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெஷின் நிற்கும்வரை காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் என் தைரியமும் நின்றுவிட்டது.

"அக்கா, அந்த நீலச் சில்ல இன்னொரு தடவ பாத்துட்டு அச்சுல போடுங்க."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஈரமா இருக்கு."

ஈரமாக இருந்தது உண்மைதான். நாள் பூராவும் மழை. ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. சின்னக்கா மின்விசிறியை வலைப் பக்கம் திருப்பிவிட்டு, "காஞ்சிரும் கண்ணாடி, கவலப்படாத" என்றார். அந்தக் கடையில் வேலை பார்ப்பதால் இங்கே என் பெயர் கண்ணாடி.

அக்காளும் தங்கையும் பேசுவதில்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கீழே பட்டறை, மேலே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. பெரியக்கா, அவர் கணவர், சின்னக்கா மூன்று பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். ஒரே அடுப்பில் பெரியக்கா தேநீர் போட்டு இறக்கியதும், சின்னக்கா போய்த் தனக்கு வேறு போடுகிறார். இரண்டையும் நான் குடிக்க வேண்டியிருக்கிறது.

"சக்கர சரியா இருக்கா?" என்று சின்னக்கா கேட்டார்.

"சரியா இருக்குக்கா."

"அங்க குடிச்சது?"

"அதுவும் சரியாதான் இருந்துச்சு."

"ரெண்டு பக்கமும் தலையாட்டற. நல்லா வருவ நீ."

காரணத்தை மாமா சொன்னார். பெரியக்காவின் கணவரை நானும் மாமா என்றே கூப்பிடுகிறேன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து வந்தவர். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீரில் ஊறிய டப்பாக்களிலிருந்து லேபிள் உரிப்பது அவர் வேலை.

"எல்லாம் அந்த மேட்டால வந்துச்சு" என்றார்.

பட்டறை நடுவில் துணி போர்த்தி ஒரு பெஞ்சு இருக்கிறது. அதே பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்துக்காகச் செய்யும் மாதிரிப் பெஞ்சு இது. சனிக்கிழமை அதிகாரி வந்து பார்த்துச் சரியென்றால் கூடம் முழுவதற்கும் இவர்களே செய்து கொடுக்கலாம். பலகை, நீலமும் பச்சையும் வெள்ளையும் கலந்து ஆற்றுத் தண்ணீர் ஓடுவது போல் இருக்கும். நடுவில் அந்தத் தண்ணீர் ஒரு பாறையில் ஏறி இறங்குவது போல் ஒரு மேடு வர வேண்டும். படத்தில் பார்த்தவர்களெல்லாம் மேட்டைத்தான் புகழ்ந்தார்கள். அதற்கு நீலம் எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று கலந்து கலந்து பார்த்தது சின்னக்கா.

"அன்னிக்கு அதிகாரி போன் பண்ணாரு. பெரியவ கையில உறை மாட்டியிருந்தா, அதனால ஸ்பீக்கர்ல போட்டுட்டா. அவரு சொல்றாரு, 'நடுவுல மேடு இன்னும் கொஞ்சம் உயரமா இருக்கட்டும்மா. எவனும் கால நீட்டிப் படுக்கக் கூடாது, அதானே நம்ம கண்டிஷன்'னு. இவ, 'ஆமா சார், ஞாபகம் இருக்கு சார்'ங்கறா. சின்னவ அங்கயே நிக்கறா. கையில இருந்த மூடியெல்லாம் கீழ போட்டுட்டு மேல ஏறிப் போனவதான்."

"சின்னக்காவுக்கு அது தெரியாதா?"

"அழகுக்குன்னு நெனச்சிருக்கா. நானும்தான்." ஒரு லேபிளை முழுசாக உரித்துச் சந்தோஷமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் உள்ள கட்டில்ல கெடந்தப்ப ராத்திரியெல்லாம் வெளிய இருந்தது யாருங்கற? பெரியவளுக்குப் பட்டறை. பாதியில நின்ன வேல. பகல்ல சாப்பாடு கொண்டுவந்துட்டு ஓடிருவா. ராத்திரி சின்னவ. அங்க இருந்ததெல்லாம் நடுநடுவுல இரும்புக் கைப்பிடி வெச்ச நாற்காலி. கைப்பிடிக்கு அடியில நொழஞ்சு படுத்துப் பாத்தாளாம். மாட்டிக்கிட்டாளாம். காவல்காரரும் நர்சம்மாவும் சேந்து இழுத்தாங்களாம்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "அதுக்கப்புறம் தரையில படுத்துருக்கா."

நாளைய வேலை: மேட்டை அச்சில் அழுத்துவது. சோப்பு விஷயத்தைச் சின்னக்காவிடம் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைய தவறு: சொல்லவில்லை.

நான் போனபோது சில்லை அச்சில் கொட்டி அடுப்பில் வைத்துவிட்டிருந்தார்கள். பேக்கரி ஒன்று மூடும்போது வாங்கிய அடுப்பு அது. இப்போதும் சில நாள் அதைத் திறந்தால் ரொட்டி வாசனை வரும் என்று மாமா சத்தியம் செய்கிறார். எனக்கு மெழுகு வாசனைதான் வந்தது. அச்சு உள்ளே போன பிறகு சொல்வதில் என்ன பயன் என்று நினைத்தேன். பொறுக்கியது போதும், மீதி ஒன்றிரண்டு இருந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்பும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

அழுத்தும் இயந்திரத்தைப் பற்றி எழுத வேண்டும். கனமான இரண்டு இரும்புத் தகடுகள். மேல் தகட்டை இறக்க இடது பக்கம் ஒரு திருகுச் சக்கரம், வலது பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு பேர் ஒரே அளவு திருக வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் தகடு சாயும், உருகியது மறுபக்கம் பிதுங்கி ஓடும். ஒரு ஆளாகச் செய்ய முடியாது. அக்காளும் தங்கையும் தவிர வேறு யார் சேர்ந்து செய்தாலும் சரியாக வருவதில்லையாம். மாமா ஒருமுறை முயன்று, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த முக்காலி ஒன்று வந்தது. அதன்மேல்தான் உட்கார்ந்து லேபிள் உரிக்கிறார்.

முன்பெல்லாம் இவர் 'ம்' என்பார், அவர் 'ம்' என்பார். அதிலேயே நடக்கும். இப்போது நடுவில் நின்று நான் சொல்ல வேண்டும்.

"அரை" என்றேன். இருவரும் அரைச் சுற்று திருகினார்கள். "அரை."

"அந்தப் பக்கம் முந்துதுன்னு சொல்லு" என்றார் பெரியக்கா.

"அக்கா, கொஞ்சம் மெதுவா…"

"என் காது நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் தூங்குதுன்னு சொல்லு" என்றார் சின்னக்கா.

"அக்கா…"

"அவங்களுக்கும் காது இருக்கு. நீ எண்ணு" என்று மறித்தார் சின்னக்கா.

"அரை."

"தூங்கறாங்கன்னா நடுவுல ஒரு மேடு வெச்சிரலாமே" என்றார் மாமா வாசலிலிருந்து. ஒருவரும் சிரிக்கவில்லை. மாமாவும் ஒரு டப்பாவை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

அச்சின் விளிம்பில் நீலம் மெல்லிய நூல் போலப் பிதுங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதைப் பார்த்ததும் இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு திருப்தி வந்து, உடனே இருவரும் அதை எடுத்து ஒளித்துக்கொண்டார்கள். ஜாடை அப்படியே ஒன்றுதான்.

மாடிப்படி அடியில் ஒரு பயணப்பை இருந்தது. நேற்று இல்லை.

"என்ன மாமா, யாராவது வந்திருக்காங்களா?"

"போறாங்க" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குச் சின்னக்கா போகிறார். தூரத்து ஊரில் ஒரு பொட்டலத் தொழிற்சாலையில் அவர் தோழி மேற்பார்வை வேலை பார்க்கிறாள். வேலையும் தங்க இடமும் உண்டாம். மேட்டை ஒட்டி, பெஞ்சை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். யாரிடம் சொன்னார் என்று கேட்டேன். மாமாவிடம்தான், பெரியக்கா காய் நறுக்கிக்கொண்டு இருந்தபோது, பெரியக்காவுக்குக் கேட்கிற மாதிரி.

"அப்புறம் அந்தச் சக்கரத்த யாரு சுத்துவா?"

"அதத்தான் நானும் கேட்டேன். அதுக்கு அவ, 'ஆஸ்பத்திரிக்காரர வந்து சுத்தச் சொல்லுங்க'ங்கறா."

நாளைய வேலை: அச்சு ஆறியதும் திறப்பது. அவசரப்பட்டால் வளைந்துவிடும்.

ஜூன் 11, புதன்

இன்றைய தவறு: ஒருவர் சொன்னதை அப்படியே மற்றவரிடம் சொல்லவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்தது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. மின்விசிறி நிற்கும்போதெல்லாம் கூரைத் தகரத்தின் சத்தம் பெரிதாகக் கேட்டது. பெரியக்கா ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னல், அடுப்பு, அச்சு, மறுபடி ஜன்னல். சின்னக்கா ஏற்கனவே கூட்டிய தரையைக் கூட்டினார். அவர்கள் நடந்த நடையில் என்னாலும் உட்கார முடியவில்லை. காரணமில்லாமல் மூடிகளை நிறவாரியாகப் பிரித்தேன், பிறகு எல்லாம் பிரித்தவைதான் என்று தெரிந்தது.

அச்சைத் திறந்தார்கள். மேடு வந்தது. எழுதினால் மிகையாகத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்: குளிர்ந்த பிளாஸ்டிக் என்று தோன்றவில்லை. ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்து, நாங்கள் பார்த்ததும் நின்றது போல் இருந்தது. பெரியக்கா அதன் முதுகில் உள்ளங்கையை ஓட்டினார்.

"கலவை நல்லா வந்திருக்குன்னு அவகிட்ட சொல்லு."

சொன்னேன்.

"படுக்கறவன் முதுகுல குத்தறதுக்குக் கலர் என்ன, டிசைன் என்னன்னு கேளு" என்றார் சின்னக்கா.

இதை எப்படிச் சொல்வது? "அவங்களுக்கும் சந்தோஷம்தான்க்கா, ஆனா கொஞ்சம் யோசனையா இருக்காங்க" என்றேன்.

பெரியக்கா என்னையே பார்த்தார். "அவ அப்படிச் சொல்லவே மாட்டா. நீ சக்கர போட்டுக் கொண்டு வர்ற."

மறுபக்கம் சின்னக்கா குரல் உயர்ந்தது. "ஆமா, சக்கரதான். நான் சொன்னது வேற. வேணும்னா திரும்பச் சொல்றேன்."

"வேண்டாம்னு சொல்லு. எனக்கும் புரியும்னு சொல்லு. மேடு வைக்கலன்னா வேலையே இல்லன்னு சொல்லிட்டாங்க. வேற யாரோ இரும்புல செஞ்சு குடுப்பான். அதுக்கு நம்ம கையால வளைவா, கூர் இல்லாம செஞ்சு குடுத்தா என்ன தப்புன்னு கேளு."

"கூர் இல்லாத கத்தியான்னு கேளு."

"இவ சோறு திங்க வேணாமான்னு கேளு."

"நான்தான் போறேன்ல, ஒரு ஆள் சோறு மிச்சம்னு சொல்லு."

நான் இருவருக்கும் நடுவில் நின்று எந்தப் பக்கமும் திரும்பாமல் இருந்தேன். கேட்டதையும் சொன்னதையும் இருவரும் நேராகவே கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் 'சொல்லு', 'கேளு' என்ற அந்த வால் மட்டும் போகவில்லை. அது போய்விட்டால் பேசியது போல் ஆகிவிடும்.

பிறகு சூட்டுக் கத்தியால் பலகையையும் மேட்டின் அடியையும் இளக்கி ஒட்ட வைத்தார்கள். அதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் அழுத்த. பேசாமலே செய்தார்கள். வியர்வை சின்னக்காவின் கண்ணில் இறங்கியது. அவர் இரண்டு கையும் மேட்டில் இருந்தது. பெரியக்கா தன் தோள் துணியின் முனையால் அதை ஒற்றிவிட்டு, எதுவும் நடக்காதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியக்கா அவித்த முட்டையும் ரொட்டியும் கொடுத்தார். சின்னக்கா ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தார்.

நாளைய வேலை: பெஞ்சில் எடை வைத்துப் பார்ப்பது.

ஜூன் 12, வியாழன்

இன்றைய தவறு: திங்கட்கிழமையதுதான். அதுவே இன்று வந்து நின்றது.

எடைக்கு மூடி மூட்டைகளை வைத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். பலகை மேல் மூட்டை மேல் மூட்டையாக அடுக்கினோம். பலகை முனகவில்லை. பெரியக்கா உட்கார்ந்து பார்த்தார், சின்னக்கா உட்கார்ந்து பார்த்தார், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். எல்லாம் சரியாக இருந்தது. மேட்டின்மேல் எடை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மேட்டில் யார் உட்காரப்போகிறார்கள்?

மாமாவுக்குச் செருப்பு மாட்ட வேண்டியிருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தவர், இடுப்பு அதிகம் மடங்காததால், இருப்பதில் உயரமான இடம் பார்த்து மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். சின்னதாக ஒரு சத்தம். ஓடு உடைவது மாதிரிகூட இல்லை, யாரோ நாக்கைச் சப்புக்கொட்டியது மாதிரி.

"என் எலும்பு இல்ல" என்றார் மாமா. "நல்லா பாத்துட்டேன். என் எலும்பு இல்ல."

மேட்டின் அடியில் விரிசல் விட்டிருந்தது. பெரியக்கா அதைப் பிடித்து அசைத்தார், கையோடு வந்துவிட்டது. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். நீலத்துக்குள் பொரி தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக, உருகாத துண்டுகள்.

"என்ன இது?" என்றார் சின்னக்கா.

"தண்ணி பாட்டில்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "திங்கக்கிழம சோப்பு போடல. உங்ககிட்ட ஈரம்னு சொன்னேன்."

"சோப்பு போடலையா?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"உன்கிட்ட சொல்லலையா இது?" பெரியக்கா தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"என்கிட்ட ஈரம்னுச்சு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்கிட்ட சொல்லச் சொன்னேன்."

"நீ சொல்றதுக்கென்ன? வாய்ல என்ன, உப்புத்தாளா ஒட்டி வெச்சிருக்க?"

"நீ எங்க கேக்கற மாதிரி இருந்த?"

அதன் பிறகுதான் நேராகப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் தெரிந்தது. நான் போய்விடலாமா என்று பார்த்தேன். வாசலில் மாமா ஒரு செருப்போடு நின்றிருந்தார்.

"நல்லதாப் போச்சு" என்றார் சின்னக்கா. "அதுக்கே அங்க இருக்கப் புடிக்கல."

"சந்தோஷமா? சனிக்கிழம அந்தாளு வந்து என்னத்தப் பாப்பான்? பட்டறைய மூடிட்டு நானும் உன்கூடவே பொட்டலம் கட்ட வரட்டுமா?"

"வா. அங்க படுக்க எடம் குடுக்கறாங்க."

பெரியக்கா மேட்டைத் தரையில் போடப்போனார், போடவில்லை. "ஏன்டி, நான் என்ன வேணும்னா உன்ன அங்க விட்டுட்டு இங்க தூங்கினேன்? மூணு பேரு வயித்துக்கும் மருந்துக்கும் இந்த அடுப்புதான். விடிய விடிய இத எரிச்சேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நான் அதச் சொல்லல. ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா? நீ எரிச்ச, நான் கெடந்தேன். சரியாப் போச்சு. ஆனா நாளைக்கு எவளோ ஒருத்தி, உள்ள புருஷனையோ புள்ளையையோ விட்டுட்டு, ராத்திரி இதுல வந்து உக்காருவா. முதுகு ஒடிஞ்சு கால நீட்டப் பாப்பா. அப்ப நடுவுல இது இருக்கும். நான் கலர் கலந்தது. அவ தரையில எறங்கிப் படுப்பா. அந்தத் தரை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்."

"இவ்ளோண்டு அகலப் பலகையில மனுஷி படுக்கவே முடியாது. சும்மா பேசற."

"முடியும்."

"முடியாது. உருண்டுருவா."

"படுத்துப் பாரு."

பெரியக்கா ரோஷக்காரர். செருப்பை உதறிவிட்டு பெஞ்சில் ஏறிப் படுத்தார். உருளவில்லை. உட்காருவதற்காகப் பின்பக்கம் கொஞ்சம் பள்ளமாக வளைத்திருந்தது, அது உடம்பை ஏந்திக்கொண்டது. அவர் வரைந்த வளைவுதான், ஆனால் அவர் அதில் படுத்ததில்லை. கால் நீட்டினார். மேடு இருந்த இடத்தில் இடுப்பு போய்ப் படிந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தலைதான் தொங்கலாக இருந்திருக்க வேண்டும். கையில் இன்னும் வைத்திருந்த மேட்டைப் பார்க்காமலே, யோசிக்காமலே இழுத்துக் கழுத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்.

"தலகாணி" என்றார் மாமா.

சின்னக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கால் வந்தது. பெரியக்கா படுத்தபடியே, "சிரிக்காத, ஆடுது" என்று தானும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்று, கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். எழுந்தபோது வேறு ஆளாக, பட்டறைக்காரராக எழுந்தார்.

"கண்ணாடி, அந்தச் சாக்குக்கட்டி எடு."

பலகையின் நீளத்துக்கு நடுவே ஒரு கோடு இழுத்தார். "இதுல ஒரு காடி, நீளப் பள்ளமா வெட்டறேன். மேட்டுக்கு அடியில நாக்கு மாதிரி ஒரு நீட்டல் வெச்சு வார்க்கலாம். காடிக்குள்ள நாக்கு. தள்ளினா நகரும், தூக்கினா வராது."

"கோடிக்குத் தள்ளிட்டா?" என்றார் சின்னக்கா.

"கோடிக்குத் தள்ளிட்டா தலகாணி. நடுவுல நிறுத்தினா மேடு. அவரு கேட்டது மேடுதானே? இருக்கு."

"நகருதேன்னு கேப்பாரு."

"இரு." பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். யாரும் கேட்காமலே ஸ்பீக்கரில் போட்டார். "சார், ஒரு சின்ன மாத்தம். மேடு நடுவுலயே இருக்கும் சார். ஆனா நகத்தற மாதிரி செய்யலாம்னு."

"எதுக்கும்மா நகரணும்?"

பெரியக்கா தங்கையைப் பார்த்தார். "துடைக்கறதுக்கு சார். ஆஸ்பத்திரி இல்லையா. ஒட்டி வெச்சா அந்த இடுக்குல அழுக்கு சேரும். நகத்தித் துடைச்சிட்டுத் திரும்ப வெச்சிடலாம்."

அந்தப் பக்கம் அதிகாரி யோசித்தார். "சுத்தத்துக்கு நல்லதுதான். சனிக்கிழம பாக்கறேன். பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"பாத்துட்டே சொல்லுங்க சார்."

போனை வைத்ததும் சின்னக்கா, "பொய்க்காரி" என்றார்.

"துடைக்க மாட்டாங்களா என்ன? துடைப்பாங்க. நான் சொன்னதுல பொய் எது?"

"ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கலன்னா ஒட்டித் தர மாட்டேன். வேற எவனாவது இரும்புல செய்யட்டும்." இதைச் சொல்லும்போது பெரியக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். சின்னக்கா அரவை மெஷின் பக்கம் போய் நீல மூடிச் சாக்கை அவிழ்த்தார்.

புதுச் சில்லை நான் கழுவினேன். இருவரும் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று என் கையையே பார்த்தார்கள். ஒரு சொட்டு விட்டேன். மூடிகளோடு அரைபட்டு வந்த, பளபளத்த பாட்டில் துண்டுகளெல்லாம் குமிழை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அடியில் போய் அமர்ந்தன. நீலம் மட்டும் மேலே நின்றது.

"பாத்தியா, எவ்ளோ லேசு" என்றார் சின்னக்கா. என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

தேநீர் ஒரு பாத்திரத்தில் வந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை. பிறகு சொன்னேன்.

பயணப்பை இன்னும் மாடிப்படி அடியிலேயே இருக்கிறது. கிளம்பும்போது பார்த்தேன். ஈரச் சில்லு பரப்பிய வலை காற்றில் பறக்காமல் இருக்க, அதன் ஒரு முனையை இழுத்து அந்தப் பையின் கீழ் செருகியிருந்தார்கள். சில்லு காயும்வரை பையை யாரும் எடுக்க முடியாது.

நாளைய வேலை: காலையில், சின்னக்காவின் ரயில் கிளம்பும் நேரத்தில், அச்சை அழுத்துகிறார்கள். இடது சக்கரம் சின்னக்கா, வலது பெரியக்கா. எண்ணுவதற்கு ஆள் வேண்டியதில்லை, கடைக்குப் போய்விட்டு மாலையில் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வந்ததும் மேட்டின் மேல்பக்கத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும், முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லியது. வழவழப்பு வந்துவிட்டதா என்று கையை வைத்துப் பார்க்கக் கூடாது என்று பெரியக்கா சொல்லியிருக்கிறார். கன்னத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.